சக்கரம் நுழையாத சமையலறை

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு மெலிந்த கையாக இருந்தாலும், நரம்பு எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும், ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். குழந்தைகள் அழுவதற்கு வாயைத் திறக்கும்போதே பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். "அவ்வளவுதானா?" என்று ஏமாந்த மாதிரி கேட்டுவிட்டுப் போகிறவர்கள்கூட உண்டு. அந்த வேலை அவளுக்கு அலுத்ததே இல்லை. அலுப்பெல்லாம் வேலை முடிந்த பிறகுதான்.

வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும் முன்பே கூடத்தைத் திறந்துவிடுவார்கள். அப்போது நிற்க ஆரம்பித்தால் மதியம் தாண்டும்வரை நின்றுகொண்டேதான் வேலை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அது அவளுக்கு நல்ல நாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் நேராக அடுப்பு. அங்கேயும் நிற்கத்தான் வேண்டும்.

அவளுக்குச் சமைக்க வராது. அதை அவள் மறைத்ததும் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் சமைத்ததில் ஒரு வாய் எடுத்து வைத்த கணவர், எழுந்து போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலிலிருந்து சமைக்க ஆரம்பித்தார். அன்றோடு அடுப்படி அவருடையதாகிவிட்டது. அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சி கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கார் ஓட்டப் பழகினார்கள். அதனால் தெருவுக்கே அவர் மாஸ்டர். பகலெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்கு! பிரேக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், சாயங்காலம் வெங்காயம் நறுக்கும்போது மட்டும் குரலே இல்லாமல் எதையோ முணுமுணுப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் சமைப்பார், அவள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு வந்தவர்களின் கதைகளைச் சொல்வாள். இப்படியே பல வருஷம் ஓடிப்போனது.

ஒருநாள் சிக்னலில் நின்றுகொண்டிருந்த பயிற்சிக் காரின் பின்னால் ஒரு லாரி வந்து மோதியது. ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சிராய்ப்பு. மாஸ்டருக்கு முதுகெலும்பு. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கைகள் மட்டும் முன்னைவிட உரமேறின. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்காரர்களும் அவரை விட்டுவிடவில்லை. வகுப்பில் உட்கார்ந்து சாலை விதிகள் சொல்லித்தரும் வேலையைக் கொடுத்தார்கள். வேன் வந்து கூட்டிப்போகும், கொண்டுவந்து விடும்.

எல்லாம் ஒரு வழியாகப் பழகிவிட்டது, அடுப்படியைத் தவிர.

அவர்கள் இருந்தது அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். சமையலறை ரயில் பெட்டியின் நடைபாதை மாதிரி நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் மேடை, நடுவில் ஒரு ஆள் திரும்பலாம். வாசல் நிலைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. பாதி போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் மாஸ்டர் வாசலிலேயே நாற்காலியை நிறுத்திக்கொள்வார். உள்ளே அவள் சமைப்பாள். வெளியேயிருந்து அவர் ஓட்டுவார்.

"அடுப்பக் குறைம்மா."

"குறைச்சாச்சு."

"குறைக்கல. சத்தம் கேக்குதே."

"உங்களுக்கு மட்டும் எப்படித்தான் கேக்குதோ."

"வெங்காயம் இன்னும் வேகல பாரு. பச்ச வாசன அடிக்குது. அவசரப்பட்டு அடுத்தத போட்டுறாத."

நாள் தவறாமல் இதே கதை. கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் பிரேக்கு என்று கத்துவதைப் போல அவளிடம் உப்பு, உப்பு என்பார். ஒருநாள் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, பஸ்ஸில் நின்றே வந்து, அடுப்பைப் பற்றவைத்தவளிடம், "கரண்டிய அப்படிப் பிடிக்காத" என்றார். அவள் கரண்டியை மேடையில் வீசிவிட்டுத் திரும்பினாள்.

"வந்து நீங்களே கிண்டுங்க!"

சொல்லி முடிப்பதற்குள்ளாகவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாஸ்டர் சக்கரத்தைப் பின்னால் தள்ளி, நாற்காலியைத் திருப்பி, ஹாலுக்குப் போய்விட்டார். அன்று இரண்டு பேரும் ரொட்டியைத் தின்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்தார்கள். இந்த அடுப்படியை இடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாம் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொள்வோம் என்று அவள் தீர்மானித்தது அன்றைக்குத்தான். விபத்துக்காக வந்த நஷ்டஈடு வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பினால் ஆயிற்று. ஆனால் யாரிடம் கொடுப்பது?

ரத்தம் கொடுக்க வந்தவர்களை எல்லாம் விசாரிக்க ஆரம்பித்தாள். "உங்க வீட்டுச் சமையலறைய யார் செஞ்சா?" கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஒருவருக்கு அலமாரிக் கதவுகள் முதல் மழையிலேயே உப்பிப்போயிருந்தன. ஒருவர் வீட்டில் தரையில் கொட்டிய தண்ணீரெல்லாம் கதவுப் பக்கம் ஓடியது. ஒரு பெண்மணி, "பேரச் சொல்றேன், ஆனா அவன்கிட்ட மட்டும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு விரலை மடக்கி விரித்தாள். நல்ல ஆள் என்று ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவள் தம்பி வந்தான். எதற்கெடுத்தாலும் தனக்கு ஒரு ஆள் தெரியும் என்கிற ரகம். "என்னக்கா நீ, ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரியிற? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என் ஆள் ஒருத்தர் இருக்காரு. கண்ண மூடிட்டு சாவியக் குடுத்துடலாம்."

"மாப்ள, கண்ணத் தொறந்துகிட்டே குடுப்போம்" என்றார் மாஸ்டர்.

தம்பியின் ஆள் ஒரு கான்ட்ராக்டர். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே வந்தார். போனில் யாரையோ திட்டிக்கொண்டே சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். "இந்தச் செவுரு எதுக்கு நடுவுல? எடுத்துட்டோம்னா உள்ள கிரவுண்டு மாதிரி ஆயிடும். சாரு சுத்திச் சுத்தி வரலாம்" என்றார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மாஸ்டர்கூட, "மெய்யாவா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாக்குச் சொன்னபடி ஆட்கள் வந்தார்கள். மேடையைப் பெயர்த்தார்கள், நிலையைப் பிடுங்கினார்கள், சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். அந்த நேரம் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை பதறியடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன பண்றீங்க கீழ? எங்க வீட்டுத் தரையில விரிசல் விட்டுருச்சு!"

கட்டடமே அந்தச் சுவரில்தான் கொஞ்சம் சாய்ந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்து வேலையை நிறுத்தினார்கள். கான்ட்ராக்டர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஓட்டைக்கு நடுவில் ஒரு இரும்புக் கம்பத்தை முட்டாக நிறுத்தினார். "நாளைக்கு இன்ஜினியரக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். கிணற்றில் போட்ட கல். போன் போட்டால் மணி அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஹாலில் ஒரு மின் அடுப்பை வைத்துச் சமையல். குளியலறையில் குத்துக்காலிட்டுப் பாத்திரம் கழுவல். எதைத் தொட்டாலும் சிமெண்டுத் தூசி. தலையணையைத் தட்டினால் தூசி, சீப்பில் தூசி, மாஸ்டரின் சக்கரத்தில் அப்பிக்கொண்டு ஹால் முழுக்கக் கோடு கோடாய்த் தூசி. அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்து பரிசோதனைக்கூடத்து மேற்பார்வையாளர், "என்னக்கா, மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தம்பியைப் பிடித்தால் அவன் நெளிந்தான். "அவரு நல்லவருதான்கா. நேரம் சரியில்ல அவருக்கு."

"அவருக்கு நேரம் சரியில்ல. எனக்கு இடுப்பு சரியில்ல. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

அடுத்ததாக அவளே கிளம்பிப் போனது ஒரு பெரிய ஷோரூமுக்கு. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வரிசையாய்ப் பளபளக்கும் சமையலறைகள். எதிலும் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. அங்கிருந்த மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கவே மனசில்லாமல்தான் அந்தக் கோட்டுப் போட்ட இளைஞன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவன் வீட்டுக்கு வந்து அளவெடுத்தான். பிறகு கணினியில் படம் போட்டுக் கொண்டுவந்து காட்டினான்.

அழகான படம். வெள்ளைக் கல், மேலே தொங்கும் விளக்குகள், நடுவில் தீவு மாதிரி ஒரு பெரிய மேடை. அதன் பக்கத்தில் பழக்கூடையோடு ஒல்லியான ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த நடு மேடை எதுக்குத் தம்பி?" என்று மாஸ்டர் கேட்டார்.

இளைஞன் அவளைப் பார்த்து பதில் சொன்னான். "இப்ப எல்லாரும் இதத்தான் விரும்புறாங்க மேடம்."

"நான் எந்தப் பக்கமா உள்ள போறது?"

"சாருக்கு இங்க ஹால்ல, ஜன்னல் ஓரமா ஒரு இடம் ஒதுக்கியிருக்கேன் மேடம். டிவி நேரா தெரியும். உள்ள நீங்க சமைக்கிறதையும் பாத்துக்கலாம்."

மாஸ்டர் படத்தில் இருந்த பெண்மேல் விரலை வைத்தார். "இந்தப் பொண்ணு யாரு?" என்றார். "இவ நம்ம வீட்டுக்கு வருவாளா? வந்தா இவளே சமைக்கட்டும்."

இளைஞன் அன்றோடு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. இரும்புக் கம்பம் மட்டும் சமையலறை நடுவில் விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

மாதக்கணக்கில் இப்படியே கிடந்த பிறகு, மாஸ்டருக்குத் தோள் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட்தான், தூசியில் இரண்டு தடவை தும்மிவிட்டு, ஒரு போன் நம்பரைச் சொன்னார். "இந்த அம்மா ஆர்கிடெக்ட். என் பேஷண்ட் ரெண்டு பேர் வீட்டுக்குப் பண்ணியிருக்காங்க. கொஞ்சம் முசுடு. கூப்பிட்ட உடனே போன எடுக்க மாட்டாங்க. ஆனா சக்கர நாற்காலின்னா என்னன்னு தெரிஞ்சவங்க. கேட்டுப் பாருங்க."

முசுடு என்பது குறைத்துச் சொன்னது. பல தடவை கூப்பிட்ட பிறகு ஒரு மதியம் அந்த அம்மா போனை எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வீட்ல யாரு சமைக்கிறது?"

"இப்ப நான்தாங்க. ஆனா சமைக்கத் தெரிஞ்சவரு என் வீட்டுக்காரரு. அவருக்காகத்தான்..."

"அப்ப போன அவர்கிட்டக் குடுங்க."

இவ்வளவு பேரைப் பார்த்தாயிற்று. போனை அவரிடம் கொடு என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். மாஸ்டர் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் உருட்டிக்கொண்டு போய் வெகுநேரம் பேசினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "இடது கைல எவ்வளவு தூரம் எட்டும்னு கேட்டாங்க" என்றார். அவருக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்தது.

ஆர்கிடெக்ட் முதலில் தன்னோடு ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். குட்டையான, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மா. பையில் பேனாவைவிட ஒட்டுநாடாதான் அதிகம். "சமையலப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல செவுரு" என்றார். இரும்பு உத்தரம் வைத்து ஓட்டையை ஒழுங்குபடுத்தி, அதையே அகலமான வாசலாக்கி, மீதிச் சுவரை மறுபடியும் எழுப்ப வேண்டும் என்று பொறியாளர் சொன்னார். கிரவுண்டு மாதிரி எதுவும் ஆகாது. மேல்மாடி ஆசிரியையிடம் இருவரும் நேரில் போய் விஷயத்தை விளக்கிச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அந்த ஆசிரியை படியில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் போனார்.

சுவர் நின்ற பிறகு ஒரு சனிக்கிழமை ஆர்கிடெக்ட் அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஹாலில் இருந்த நாற்காலி மேஜையை எல்லாம் ஒதுக்கச் சொன்னார். தரையில் நாடாவை ஒட்டி, இது சுவர், இது வாசல் என்றார். பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகையைப் போட்டு, மாஸ்டரின் முழங்கால் உள்ளே போகிறதா என்று பார்த்து, ஒரு பெட்டியை எடுத்தார், மறுபடியும் வைத்தார். தம்பியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"என்னக்கா இது, சின்னப் புள்ளைங்க சொப்பு வச்சு விளையாடுற மாதிரி?" என்று அவள் காதோடு சொன்னான்.

"நீ வாய மூடிட்டு அந்தப் பெட்டியப் பிடி" என்றாள்.

ஆர்கிடெக்ட் காலிப் பாத்திரம் ஒன்றை மாஸ்டர் கையில் கொடுத்தார். "இது தொட்டி. அது அடுப்பு. தண்ணி பிடிச்சு, கொதிக்க வச்சு, டீ போட்டு, அங்க கொண்டு போய்க் குடிங்க. நெசமாவே செய்யிற மாதிரி செய்யணும். நடிக்கக் கூடாது."

மாஸ்டர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு அவருக்கே அது பிடித்துப்போனது. இல்லாத குழாயைத் திறந்தார், இல்லாத அடுப்பைப் பற்றவைத்தார், காத்திருந்தார், இல்லாத டீயை டம்ளரில் ஊற்றினார். டம்ளரை மடியில், தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளினார்.

"நில்லுங்க" என்றார் ஆர்கிடெக்ட். "டம்ளர எங்க வச்சிருக்கீங்க?"

"மடியில. பின்ன ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கே?"

"சரிதான். எல்லாரும் அங்கதான் வைப்பாங்க." அந்த அம்மா கீழே ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "எப்ப சுட்டுக்கிட்டீங்க?"

"ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆனதில்லீங்க" என்று அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். மாஸ்டர் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்த எதையோ வாசிப்பது போல உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"போன மழைக்காலத்துல" என்றார்.

ஆர்கிடெக்ட் எழுந்து, "ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று வெளியே போனார். போகிற போக்கில் தம்பியின் முழங்கையைத் தொட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், ஹால் மேஜைமேல் இருந்த மின்கெட்டிலில் அவர் தண்ணீர் காய்ச்சியிருக்கிறார். டம்ளரை மடியில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போயிருக்கிறார். வழியில் சிந்தியது அவருக்குத் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டிய தொடைக்கு எதுவுமே தெரியாதே. ஈரத்தைப் பார்த்தபோதுகூட வெறும் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டார். உடை மாற்றும்போது துணியோடு தோலும் வந்தது. வேன் ஓட்டுநரிடம் களிம்பு வாங்கிவரச் சொல்லி, தானே கட்டுப்போட்டுக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பாவம், கூச்சப்படுகிறார், தன் வேலையைத் தானே செய்யட்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரார் தோலை எல்லாம் நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது போல.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அந்தக் கெட்டிலையும் தூக்கி ஒளிச்சு வச்சிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஒளித்துத்தான் வைத்திருப்பாள்.

"அப்ப இந்த அடுப்படி வேணாமா உங்களுக்கு? நான் பாட்டுக்கு எல்லாத்தையும் இடிச்சு, செவுத்த ஓட்ட போட்டு... ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுருப்பேன்ல. பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு."

"அப்ப வேணாமா?"

"வேணும்தான்." அவர் டம்ளரை மடியிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தார். "ரெண்டும்தான் இருக்கு. நான் என்ன பண்ண?"

வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஆர்கிடெக்ட் உள்ளே வந்தார். ஆறுதல் சொல்லும் வழக்கமெல்லாம் அந்த அம்மாவிடம் இல்லை. நேராக வேலைக்கு வந்தார். "நான் பண்ணின வீடுகள்ல சுட்டுக்காதவங்க ரொம்பக் கம்மி. அதனால சூடான பாத்திரத்த நீங்க தூக்கவே கூடாது. தொட்டியிலேர்ந்து அடுப்பு, அடுப்புலேர்ந்து சாப்பிடுற இடம், எல்லாம் ஒரே மட்டத்துல, ஒரே கல்லு. இழுத்துக்கிட்டே போங்க. அடுப்பு பக்கத்துலயே ஒரு குழாய். தொட்டிக்குக் கீழ வெந்நீர்க் குழாய் முழங்கால்ல படும், அது உங்களுக்குத் தெரியாது, அதனால அத மூடிடுவோம். மேல் அலமாரி கிடையாது."

"மசால் டப்பால்லாம் எங்க வைக்கிறது?"

"இழுப்பறையில."

"எனக்கு கண்ணெதிர இருக்கணும்."

"எட்டி எடுக்கும்போது கொதிக்கிறதுமேல கை போகும். கிடையாதுன்னா கிடையாது."

"யம்மா, நான் எத்தன வருஷமா சமைக்கிறவன்..."

"நின்னுக்கிட்டு சமைச்சீங்க. இது வேற."

மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அவரிடம் யாராவது இப்படிச் சரிக்குச் சரி சண்டை போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. விபத்துக்குப் பிறகு எல்லோரும் அவரிடம் குழந்தையிடம் பேசுவது போலத்தான் பேசினார்கள், அவளையும் சேர்த்து.

கிளம்பும்போது ஆர்கிடெக்ட் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கென்னங்க. ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவங்கதான் எல்லாம் கட்டி முடிச்சதும் மூக்கால அழுவாங்க. சொல்லுங்க."

யோசிக்கவே தேவைப்படவில்லை. "உக்காரணும்."

"எங்க?"

"எங்கயாவது. கால நீட்டிக்கிட்டு."

தம்பி சிரித்தான். ஆர்கிடெக்ட் சிரிக்கவில்லை. தரையில், சமையலறை ஜன்னல் வரும் மூலையில் நாடாவால் ஒரு சதுரம் ஒட்டி, அவளை அதில் உட்காரவைத்து, காலை நீட்டிப் பார்க்கச் சொன்னார்.

வேலை உடனே முடிந்துவிடவில்லை. கல் தவறான அளவில் வெட்டி வந்து திரும்பிப் போனது. தச்சருக்குக் காய்ச்சல் வந்தது. ஆர்கிடெக்ட் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்தால் எல்லோரையும் சத்தம் போட்டார், ஒருமுறை அவளையும். மேடை உயரம் பற்றித் தம்பி ஒரு யோசனை சொல்ல, "நீங்க யாரு?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தார். சில நாள் அவள் வீட்டுக்குப் போகவே பிடிக்காமல், பரிசோதனைக்கூடத்திலேயே காலிக் குழாய்களை அடுக்கிக்கொண்டு நேரம் கடத்தினாள். இந்த அம்மாவும் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து பயந்து போன் போடுவாள். எடுக்கமாட்டார். ஆனால் மறுநாள் வந்து நிற்பார்.

முடிந்த சமையலறை ஷோரூம் படம் மாதிரி இல்லை. மேடை தாழ்வாக இருந்ததால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ பள்ளிக்கூடத்து மேஜை மாதிரி தெரிந்தது. தம்பி, "வித்தியாசமா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசவில்லை. மாஸ்டர் முதல் நாள் உள்ளே போனபோது ஒன்றும் சமைக்கவில்லை. வெறுமனே தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் காலிப் பாத்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள்தான் முட்டை பொரித்தார். கரிந்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. வகுப்பு இருக்கும் நாட்களில் அவருக்குத் தோள் வலி தாங்காது, அன்றைக்கு வெளியிலிருந்து வாங்கித்தான் சாப்பிடுவார்கள். எண்ணெய் தெறித்தால் அவர் சட்டென்று பின்வாங்குவார். ஆனால் வாரத்தில் சில நாட்கள் அவள் கதவைத் திறக்கும்போதே வெங்காயம் வதங்கும் வாசனை வரும். அவள் கைகால் கழுவிக்கொண்டு, சமையலறை ஜன்னல் மூலையில் தனக்கென்று போட்ட திண்டில் காலை நீட்டி உட்காருவாள். பேச வேண்டும் என்றுதான் நினைப்பாள். பல நாள் பேச்சு வராது. சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் ஆர்கிடெக்ட் வந்தார். கட்டிக்கொடுத்த வீடுகளைக் கொஞ்ச நாள் கழித்து வந்து பார்ப்பாராம். கதவுகளை இழுத்துப் பார்த்தார், குழாய்க்கு அடியில் குனிந்து தடவிப் பார்த்தார்.

"சுட்டுக்கிட்டீங்களா?"

"கை மட்டும்தான்" என்று மாஸ்டர் விரலைக் காட்டினார்.

"கைன்னா பரவால்ல. அது உடனே சத்தம் போட்டுரும்."

பிறகு மாஸ்டர் சமைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். மசால் டப்பா எடுக்க ஒவ்வொரு தடவையும் அவர் இடுப்பை முறுக்கித் திரும்புவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த இழுப்பறை தப்பான பக்கத்துல இருக்கு. என் தப்புதான். இடது பக்கம் மாத்தணும்."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் மாஸ்டர், பல நாள் காத்திருந்தவர் மாதிரி.

"நீங்க மேல வைக்கணும்னு சொன்னீங்க. அதுவும் தப்பு. புதன்கிழமை ஆள் அனுப்புறேன். அர நாள் வேலை."

அவள் மூலையில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "மறுபடியும் தூசி பறக்குமா?"

"கொஞ்சம் பறக்கும்."

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுந்தாள். புதன்கிழமை அவளுக்கு லீவு கிடையாது, அதனால் இப்போதே ஆரம்பித்தால்தான் உண்டு. இழுப்பறையைத் திறந்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடையில் வைக்க ஆரம்பித்தாள். "அது மேல அத வைக்காத, சாயும்" என்றார் மாஸ்டர். சாயவில்லை. அவள் அடுத்த டப்பாவை எடுத்தாள்.